வளையம் மரமான கதை

(பத்தாம் வகுப்பு மாணவி)

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்திற்குப் போக எத்தனை வழிகள் உள்ளன என்று கேட்டால், "காவிரிப் பாலம் ஒன்றுதான்" என்று நம்மில் பெரும்பாலோர் சட்டென்று சொல்லிவிடுவோம். 1976-ஆம் ஆண்டு கட்டப்பட்ட அந்தப் பாலம் நமக்கு அவ்வளவு பழக்கம். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் சிந்தாமணியைக் கடந்து, ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்க, மாம்பழச் சாலை போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் 2022 செப்டம்பரில் பழுது பார்ப்பதற்காக அப்பாலம் மூடப்பட்டபோதுதான் இன்னொரு வழியின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. சென்னை நெடுஞ்சாலைப் பாலத்தின் வழியாகப் பேருந்துகள் கிழக்கே சுற்றிக்கொண்டு திருவானைக்காவல் பக்கமாகத் தீவுக்குள் நுழைந்தன. அங்கிருந்து வரும் தோழியர் காலையில் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருந்தது. ஆயினும் பள்ளிக்கு வந்து சேர்ந்தனர். 2023 மார்ச்சில் பாலம் மறுபடியும் திறக்கப்பட்டது.

ஒரு வழி அடைபட்டால் உதவ மற்றொரு வழி வேண்டும். இது சிறு பிள்ளைக்கும் விளங்கும். கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்து வலை அமைப்பவர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒரு கம்பி அறுந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரட்டை வழி வைக்கிறார்கள். வைத்த சில நொடிகளில் வலை முழுவதும் செயலற்றுப் போய்விடக் கூடும் என்பதுதான் வியப்பு! காப்பதற்காக வைத்த வழியே ஏன் கேடாக முடிகிறது, அக்கேட்டை எவ்வாறு தடுக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் 'சுவிட்ச்' என்ற பெட்டியை அறிந்துகொள்ள வேண்டும். விளக்கைப் போடும் சுவிட்ச் அன்று இது. எட்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு தட்டையான பெட்டி. ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி; கம்பியின் மறு முனையில் ஒரு கணிப்பொறி, அல்லது இன்னொரு சுவிட்ச். துளையைப் 'போர்ட்' என்பார்கள். நாம் 'வாசல்' என்று சொல்லிக்கொள்வோம்.

கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி இரண்டும் இருக்கும். இது தொழிற்சாலையிலேயே பொறித்துத் தரப்படும் எண். 'மேக்' முகவரி என்பது இதன் பெயர். சுவிட்சுக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. அது தானாகவே கற்றுக்கொள்கிறது. மூன்றாம் வாசலில் ஒரு பொட்டலம் வந்தால், அனுப்பியவர் முகவரியைப் பார்த்து, "இவர் மூன்றாம் வாசல் பக்கம் இருக்கிறார்" என்று தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும். நம் தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரரும் இப்படித்தானே பழகுகிறார்! பெறுநர் எந்தப் பக்கம் என்று ஏட்டில் இல்லாவிட்டால், அல்லது அப்பொட்டலமே 'அனைவருக்கும்' என்று எழுதப்பட்டதாக இருந்தால், வந்த வாசலைத் தவிர மற்ற எல்லா வாசல்களிலும் ஒவ்வொரு படியை அனுப்பிவிடும்.

கேடு தொடங்குவது இந்தக் கடைசி வழக்கத்தில்தான். "இதைப் பெற்றவர் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பவும், இல்லாவிட்டால் கெடுதல் நேரும்" என்று முன்பெல்லாம் அஞ்சலட்டைகள் வருமாம். எங்கள் பாட்டிமார் அவற்றைப் பார்த்திருக்கிறார்கள். இன்று அதே தொல்லை கைப்பேசியில் வருகிறது. அனுப்பியவருக்கே அது திரும்பி வந்து, அவரும் புதிதென்று எண்ணி மறுபடி பத்துப் பேருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? மனிதருக்கு அலுப்பு வந்துவிடும், கிழித்துப் போட்டுவிடுவார். சுவிட்சுக்கு அலுப்பு வராது. முன்பு பார்த்த பொட்டலம் இது என்ற நினைவும் அதற்கு இல்லை.

நான்கு சுவிட்சுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற மூன்றுடனும் இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சுவிட்சிலிருந்து 'அனைவருக்கும்' என்ற பொட்டலம் ஒன்று புறப்படுகிறது. முதல் தாவலில் 3 படிகள். ஒவ்வொன்றையும் பெற்ற சுவிட்ச் மற்ற இரு பக்கமும் அனுப்புவதால் இரண்டாம் தாவலில் 6. மூன்றாவதில் 12. நாங்கள் நான்கு பேர் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்தாம் தாவலில் 1,536 ஆகிறது. இருபதாம் தாவலில் 15,72,864! ஒரு தாவலுக்கு ஆகும் நேரமோ கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு. வினாடிக்கு 100 மெகாபிட் கொள்ளும் கம்பியில் மிகச் சிறிய பொட்டலங்களாக அனுப்பினாலும் வினாடிக்குச் சுமார் 1,48,800 தான் போக முடியும். ஆகவே கம்பிகள் நிரம்பி வழிகின்றன. உண்மையான செய்திக்கு இடமே இல்லை. இதைப் 'பிராட்காஸ்ட் புயல்' என்கிறார்கள்.

இன்னொரு கேடும் சேர்ந்துகொள்கிறது. ஒரே அனுப்புநரின் பொட்டலம் இப்போது மூன்றாம் வாசலில் வருகிறது, அடுத்த கணம் ஏழாம் வாசலில் வருகிறது. சுவிட்ச் தன் ஏட்டை அடித்து அடித்துத் திருத்தி எழுதுகிறது. எவர் எங்கே இருக்கிறார் என்பதே அதற்குத் தெரியாமல் போகிறது.

இணையத்தில் ஊர் விட்டு ஊர் போகும் பொட்டலங்களுக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறையும். பூச்சியம் ஆனதும் பொட்டலம் நீக்கப்படும். சுவிட்சுகளுக்குள் ஓடும் ஈதர்நெட் பொட்டலத்திற்கு அந்த ஆயுள் எண்ணை வைக்கவில்லை. அதனால் யாராவது கம்பியைப் பிடுங்கும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. எங்கள் கணிப்பொறி அறையில் சென்ற ஆண்டு இதை நேரில் கண்டோம். அங்கே இருந்தது மலிவான எட்டு வாசல் பெட்டி. அறையைக் கூட்டிச் சுத்தம் செய்தபோது, தரையில் கிடந்த கம்பி முனையை நல்லெண்ணத்தோடு யாரோ காலி வாசலில் சொருகிவிட்டார்கள். அக்கம்பியின் மறு முனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. அவ்வளவுதான்! பெட்டியின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்று சேர்ந்து படபடவென்று துடிக்கத் தொடங்கின. செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்த அக்காமார் கையைப் பிசைந்துகொண்டு நின்றனர். எங்கள் ஆசிரியை ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்த்து, ஆறாவது கம்பியில் நோயைக் கண்டுபிடித்தார். அன்று அவர் சொன்ன விளக்கமே இக்கட்டுரைக்கு விதை.

சரி, இரண்டாவது வழியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? விட்டால் ஒரு கம்பி அறுந்ததும் பாதி வலை தனித்துப் போகும். வழியும் இருக்க வேண்டும், வளையமும் இருக்கக் கூடாது. எந்த வழியை அடைப்பது என்பதை மேலே நின்று பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தன் வாசல்கள் மட்டுமே தெரியும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு பெண்மணி என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். அவர் பெயர் ரேடியா பெர்ல்மன். 1951-இல் பிறந்த அமெரிக்கர். எம்.ஐ.டி.யில் அவர் கணிதம் படித்த காலத்தில் அங்கு மாணவியர் மிகக் குறைவு. 1970-களில், பள்ளி செல்லும் வயதுகூட ஆகாத குழந்தைகளும் பொத்தான்களை அழுத்தி ஓர் இயந்திர ஆமையை நடத்திக் கணிப்பொறிக்குக் கட்டளையிடக் கற்கும் ஒரு முறையை அவர் உருவாக்கினார். பின்னர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் பணியாற்றியபோது, அவருடைய மேலாளர் ஒரு வெள்ளிக்கிழமை இந்தச் சிக்கலைச் சொல்லி, "வலை எவ்வளவு பெரிதானாலும் பெட்டிக்கு வேண்டிய நினைவகம் பெருகக் கூடாது" என்று நிபந்தனையும் வைத்துவிட்டு, ஒரு வாரம் விடுப்பில் போய்விட்டார். பெர்ல்மனுக்கு அன்றிரவே விடை கிடைத்துவிட்டதாம். திங்கள், செவ்வாய் இரு நாட்களில் எழுதியும் முடித்துவிட்டார். மேலாளர் திரும்பி வரும் வரை சும்மா இருப்பானேன் என்று, மரத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஓர் ஆங்கிலக் கவிதையின் சாயலில் தம் கண்டுபிடிப்பையே ஒரு கவிதையாக எழுதினார். 1985-இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையில் அக்கவிதையும் இடம்பெற்றது. கணக்குப் பாடத்தையும் கவிதையையும் எதிரிகளாக நினைக்கும் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும்!

மரம் என்று ஏன் சொல்கிறோம்? மரத்தில் ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்குப் போக ஒரே ஒரு வழிதான் உண்டு. கிளைகள் பிரியும், மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. ஆகவே மரத்தில் வளையம் கிடையாது. கணிதத்திலும் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, வளையமே இல்லாமல், எந்தப் புள்ளியும் விடுபடாமல் அமைந்தால் அது மரம். வலையிலுள்ள எல்லாப் பெட்டிகளையும் தழுவி நிற்பதால் இதைத் 'தழுவும் மரம்' எனலாம். ஆங்கிலப் பெயர் 'ஸ்பானிங் ட்ரீ'. புள்ளிகளையும் கோடுகளையும் பற்றிய இக்கணிதம் ஆற்றங்கரையில் பிறந்ததுதான். கோனிக்ஸ்பெர்க் நகரில் ஆற்றுத் தீவையும் கரைகளையும் இணைத்த 7 பாலங்களைப் பற்றிய புதிரை ஆய்லர் 1736-இல் எழுதிய கட்டுரையில் தீர்த்து வைத்தார். அவர் நம் ஊருக்கு வந்திருந்தால் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே இன்னும் நல்ல புதிர்கள் கிடைத்திருக்கும்.

பெர்ல்மன் முறை எவ்வாறு வேலை செய்கிறது? ஒரு பள்ளியில் மூன்று சுவிட்சுகள் இருப்பதாகக் கொள்வோம்: அலுவலகத்தில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, கணிப்பொறி அறையில் ஒன்று. மூன்றும் முக்கோணமாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அலுவலகம் 12, நூலகம் 20, கணிப்பொறி அறை 35 என்போம். உண்மையில் இவ்வெண்கள் மிக நீளமானவை.

மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு பெட்டியும் "நானே தலைவி" என்று தன் எண்ணைச் சொல்லி அண்டை வீட்டாருக்கு அறிவிக்கும். தன்னைவிடச் சிறிய எண்ணைக் கேட்டதும் வாதம் செய்யாமல் ஒதுங்கிக்கொண்டு, "12 தலைவி" என்று அதையே எடுத்துச் சொல்லும். சிறிது நேரத்தில் எல்லாப் பெட்டிகளும் ஒரே பெயரைச் சொல்கின்றன. இந்தத் தலைவியே மரத்தின் வேர். எங்கள் வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்து, ஒவ்வொரு பெட்டியும் வேரை அடையச் செலவு குறைந்த வழி எது என்று பார்க்கிறது. வேகமான கம்பிக்குச் செலவு குறைவு. 1990-இல் வெளியான தரத்திற்குப் பின் வந்த ஒரு திருத்தத்தின்படி வினாடிக்கு 10 மெகாபிட் கம்பிக்குச் செலவு 100. 100 மெகாபிட்டுக்கு 19. 1 கிகாபிட்டுக்கு 4. நூலகத்துக்கும் கணிப்பொறி அறைக்கும் அலுவலகத்தோடு நேர்வழி இருக்கிறது. எனவே இரண்டும் நேர்வழியையே பிடித்துக்கொள்கின்றன. மிச்சம் இருப்பது நூலகத்தையும் கணிப்பொறி அறையையும் இணைக்கும் கம்பி. இருவருக்கும் வேர் சமதூரம். எண் சிறியதாக உள்ள நூலகம் தன் முனையைத் திறந்து வைக்கிறது. 35-ஆம் எண்ணுள்ள கணிப்பொறி அறை தன் முனையை அடைத்துக்கொள்கிறது. முக்கோணம் மரமாகிவிட்டது.

அடைத்தது என்றால் அறுத்தது என்று பொருளன்று. கம்பி அப்படியே இருக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண நாளில் கொள்ளிடத்து மதகுகளை அடைத்து, பாசன நீரைக் காவிரியில் விடுகிறார்கள். வெள்ளம் வந்தால் அம்மதகுகளைத் திறந்து கொள்ளிடத்தில் திருப்புகிறார்கள். முக்கொம்பில் மதகைக் காக்க ஆள் இருக்கிறார்; சுவிட்சில் அந்த வாசலே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். எனவே அடைபட்ட வாசல் பொட்டலங்களைத்தான் தள்ளுகிறதே தவிர, காதை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. வேரிலிருந்து 2 வினாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்ற சிறு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். அது வரும் வரை வாசல் அடைபட்டே இருக்கும். அலுவலகக் கம்பி அறுந்தால் கணிப்பொறி அறைச் சுவிட்ச் தன் மூடிய வாசலைத் திறந்துகொள்ளும்.

உடனே திறந்துவிடாது. பழைய முறையில் அறிவிப்பு நின்று 20 வினாடி பொறுக்கும். பிறகு 15 வினாடி கேட்கும், 15 வினாடி கற்கும். ஆக 50 வினாடி வரை ஆகலாம். தன் சொந்தக் கம்பியே அறுந்தது தெரிந்தால் முதல் 20 வினாடி மிச்சம். இத்தனை பொறுமை எதற்கு என்றால், அவசரப்பட்டுத் திறந்து ஒரு நொடி வளையம் உண்டானாலும் புயல் வந்துவிடும் என்பதால்தான். 2001-இல் வந்த விரைவு முறையில் அண்டைப் பெட்டிகள் ஒன்றையொன்று கேட்டு ஒப்புக்கொண்டு, பெரும்பாலும் சில வினாடிகளுக்குள் காரியத்தை முடித்துவிடுகின்றன.

எண் சிறியவரே தலைவி என்ற விதியில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே நிறுவனம் செய்த பெட்டிகளில் முதலில் செய்தவற்றுக்குப் பெரும்பாலும் சிறிய எண் அமைந்துவிடும். யாரும் கவனிக்காமல் விட்டால், மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெட்டி தலைவியாகி, எல்லாப் போக்குவரத்தும் அதன் தலையில் விழும். அதனால் அனுபவமுள்ளவர்கள் எண்ணின் முன்னால் வரும் முன்னுரிமை மதிப்பைத் தாங்களே மாற்றி, வலுவான பெட்டியை வேராக்குவார்கள். எல்லாப் பெட்டியிலும் அம்மதிப்பு 32768 என்றே தொழிற்சாலையிலிருந்து வருகிறது.

இந்த முறையின் பலவீனமும் அந்தக் காதில்தான் இருக்கிறது. அறிவிப்பு வராவிட்டால் வழி அறுந்தது என்று பொருள் என வாசல் நம்புகிறது. வழி நன்றாகவே இருந்து, அண்டைப் பெட்டிக்கு வேலை மிகுந்து மூச்சு முட்டி அறிவிப்பை அனுப்ப முடியாமல் போனால்? வாசல் திறந்துகொள்ளும், வளையம் உண்டாகும், புயல் எழும், புயலால் மற்றப் பெட்டிகளுக்கும் மூச்சு முட்டி இன்னும் பல வாசல்கள் திறக்கும்.

இவ்வாறு நடந்த இடம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை. 1996-இல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவானது அது. அதன் வலையும் சிறிது சிறிதாகக் கம்பி கோத்துக் கோத்து வளர்ந்தது. வேரிலிருந்து ஓரத்துக் கிளை வரை அடுக்கடுக்காக 7 சுவிட்சுகளுக்கு மேல் போகக் கூடாது என்பது இம்முறையின் வழக்கமான எல்லை. அங்கே அவ்வெல்லை மீறப்பட்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. 2002 நவம்பர் 13 அன்று, ஆராய்ச்சியாளர் ஒருவருடைய மிகப் பெரிய தரவு வலையில் பாய்ந்தபோது மரம் நிலைகுலைந்தது. சரியாவதும் மறுபடி விழுவதுமாக ஏறக்குறைய நான்கு நாட்கள் அல்லாடியது.

நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு கணிப்பொறிக்குள் இருக்கிறது; மருத்துவரால் பார்க்க முடியவில்லை. மருந்துச் சீட்டு மருந்தகத்திற்குப் போகவில்லை. மருத்துவமனையார் பழைய காகிதப் படிவங்களை வெளியே எடுத்தனர். முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு மாடி ஆட்கள் ஓடினர். கணிப்பொறியிலேயே பழகிய இளம் மருத்துவர்களுக்குக் காகிதத்தில் எழுதும் முறையை மூத்தவர்கள் சொல்லித் தர வேண்டியிருந்தது. கடைசியில் சுவிட்சுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்திறங்கி, பெரிய மரத்தை வெட்டிச் சிறு சிறு மரங்களாகப் பிரித்து, அவற்றின் நடுவே 'ரவுட்டர்' என்னும் வழிகாட்டும் பெட்டிகளை வைத்தனர். அம்மருத்துவமனையின் கணிப்பொறித் துறைத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா நடந்தவற்றை மூடி மறைக்காமல் மற்ற மருத்துவமனைகளும் அறியும்படி வெளியிட்டார். எங்கள் வகுப்பில் செவிலியராக விரும்பும் தோழியர் பலர் உள்ளனர். கதையின் இந்தப் பகுதியைத்தான் அவர்கள் இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள்.

பெர்ல்மன் தம் முறையே கடைசி வார்த்தை என்று எண்ணவில்லை. அடைபட்ட கம்பி சும்மா கிடப்பது வீண் அல்லவா? அதையும் பயன்படுத்தி, பொட்டலத்துக்கு ஆயுள் எண்ணும் கொடுத்து, 'டிரில்' என்ற மற்றொரு முறையை வகுப்பதிலும் அவரே முன்னின்றார். 2011-இல் அதற்குத் தரம் வெளியாயிற்று. ஆயினும் பல பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள சுவிட்சுகளில் பழைய மரமும் அதன் விரைவு வடிவமுமே வேலை செய்துகொண்டிருக்கின்றன.

கணக்கில் ஆர்வமுள்ள தோழியருக்கு ஒரு வேலை வைக்கிறோம். மேலே சொன்ன நான்கு சுவிட்சுகளை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொன்றையும் மற்ற மூன்றுடனும் இணைத்தால் 6 கம்பிகள். மரமாக்க எத்தனை கம்பிகளை அடைக்க வேண்டும்? எத்தனை விதமான மரங்கள் கிடைக்கும்? முதல் வினாவுக்கு விடை எளிது. நான்கு புள்ளி மரத்துக்கு 3 கோடுகள் போதும்; ஆகவே 3 கம்பிகளை அடைக்க வேண்டும். இரண்டாவதற்கு நாங்கள் வரைந்து வரைந்து 14 வரை கண்டுபிடித்துக் களைத்தபோது, ஆசிரியை கெய்லி என்ற ஆங்கிலக் கணித மேதையின் 1889-ஆம் ஆண்டு விதியைச் சொன்னார். புள்ளிகளின் எண்ணிக்கையை, அதைவிட இரண்டு குறைவான அடுக்குக்கு உயர்த்த வேண்டும். நான்கின் இரண்டாம் அடுக்கு 16. எங்களுக்கு அகப்படாத அந்த இரண்டு மரங்களையும் நீங்களே வரைந்து பாருங்கள். ஐந்து பெட்டிகளானால் 125 மரங்கள்.